கால் சுற்று குறைவு

"உங்க குழந்தை எது?" என்று கேட்டார் அந்த ஆன்ட்டி.

ஐஸ் ரிங்க்கின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட் லேஸை இறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் விடியவில்லை. ஐஸ் மேல் ஏழெட்டுப் பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பதினாறைத் தாண்டியிருக்காது. ஆன்ட்டி குளிர்கோட்டுக்குள் சல்வார் போட்டிருந்தார், கையில் எவர்சில்வர் பிளாஸ்க். தமிழ் முகம் என்று பார்த்ததும் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"குழந்தை இல்ல ஆன்ட்டி. நான்தான் ஸ்கேட் பண்றேன்."

"ஓ, அடல்ட் கிளாஸா? நல்லதும்மா, எக்சர்சைஸ் மாதிரியும் ஆச்சு."

"கிளாஸ் இல்ல. சீனியர் லெவல். காம்பிடிஷனுக்கு ட்ரெய்ன் பண்றேன்."

அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். "அப்ப என் பொண்ணு கூடவா போட்டி போடப் போறீங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அம்மாவாக இருக்க எந்தக் கணக்கும் இடம் கொடுக்காது. ஆனால் அந்த நேரத்தில் ஸ்கேட்டர்கள் எல்லாரும் ஐஸ் மேல் இருப்பார்கள், பெரியவர்கள் எல்லாரும் பெஞ்சில் இருப்பார்கள். நான் பெஞ்சில் இருந்தேன்.

நான் ஈரோட்டில் பிறந்து ஒன்பது வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தவள். முதல் குளிர்காலத்தில் பள்ளியில் ரிங்க்குக்கு அழைத்துப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை விட்டுவிட்டுப் போனேன். எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பத்து வயதில் முறையாக ஆரம்பித்தபோது கோச் என் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, லேட். இந்த விளையாட்டில் நான்கு வயதில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா அந்த வார்த்தையைப் பொருட்படுத்தவில்லை. விடியற்காலையில் என்னை ட்ரைவ் பண்ணி ரிங்க்கில் விட்டுவிட்டு, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவாள்.

பதினெட்டு வயதில் சீனியர் லெவலுக்கு வந்தேன். அங்கே ஒரு வாசல் இருக்கிறது. நாட்டின் கிழக்குப் பகுதிக்கென்று நடக்கும் செக்ஷனல் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால்தான் நேஷனல்ஸுக்குப் போகலாம். நேஷனல்ஸ் போகாதவரை ஸ்கேட்டிங் உலகத்தில் உங்களுக்கு முகம் கிடையாது. நான் இரண்டு முறை ஒரே ஒரு இட வித்தியாசத்தில் அந்த வாசலைத் தவறவிட்டேன். மூன்றாவது முறை போவதற்குள் இடுப்புக்கு மேல் முதுகெலும்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. தாவித் தாவி ஒரே காலில் இறங்குகிறவர்களுக்கு வரும் கீறல்தான். இனி தாவக்கூடாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு இருபத்தொரு வயது.

அந்த வருஷப் பொங்கல் பார்ட்டியில் ஒரு அங்கிள், "ரிட்டயர் ஆயிட்டியாமே, பென்ஷன் உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் ரிட்டயர்டு. அந்த வார்த்தையை நானாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு டிகிரி, ஒரு பார்மா கம்பெனியில் வேலை, கல்யாணம். அப்பாவுக்கு டெக்சாஸில் வேலை மாறியதால் அப்பாவும் அம்மாவும் பேர்லேண்டுக்குப் போய்விட்டார்கள். என் கணவன் சென்னைக்காரன். நான் போட்டியில் ஆடி அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வராது. கராஜில் ஒரு பெட்டிக்குள் என் ஸ்கேட்ஸ் கிடந்தன.

திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று எல்லாரையும் ஒரு ரிங்க்குக்கு அழைத்துப் போனார்கள். வாடகை ஸ்கேட்ஸ், மொட்டையான பிளேடு. மேனேஜர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். நான் பேச்சுவாக்கில் திரும்பிப் பின்னோக்கிப் போனேன்; கால் தானாக ஒரு சின்னத் தாவலை எடுத்து இறங்கியது. முதுகில் வலி இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் கராஜ் பெட்டியைத் திறந்தேன்.

பழைய கோச்சைத் தேடிப் போனேன். ஒரு மணி நேரம் என்னை ஸ்கேட் பண்ண வைத்துப் பார்த்தார். எப்போதும் போல நேராகவே பேசினார். "உன் எட்ஜ், பிளேடின் ஓரத்தில் சாய்ந்து வளைகிறாயே அது, அப்போதைவிட இப்போது நன்றாக இருக்கிறது. இசையைக் கேட்கிறாய், அப்போது கேட்க மாட்டாய். ஆனால் உன் தாவல்கள் வளர்ந்த பெண்ணின் தாவல்கள். எழும்பும், ஆனால் மெதுவாகச் சுற்றும்."

"சான்ஸ் இருக்கா?"

"இருக்கிறது. பெரிய சான்ஸ் என்று சொல்ல மாட்டேன்."

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாகப் பண்ணு என்றார். ஜாக்கிரதையாகத் தாவுவது எப்படி என்று அவரிடம் கேட்கவில்லை.

உடம்பு திரும்பி வந்த விதம் எரிச்சலூட்டுவது. ஒன்றுமே வராமல் போயிருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். டபுள் ஆக்ஸல் என்கிற இரண்டரைச் சுற்றுத் தாவல், நேற்று விட்ட இடத்திலிருந்து வந்ததுபோல் வந்தது. மூன்று சுற்றுத் தாவல்களில் சுலபமானவை ஒவ்வொன்றாக வந்தன. லட்ஸ் மட்டும் வரவில்லை. போகிற வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டிய தாவல் அது. பதினெட்டு வயதில் அதுதான் என்னுடைய பலம். இப்போது எழும்பும்போதே தெரிந்துவிடும், பாதியில் காற்றில் எனக்கு நேரம் தீர்ந்துவிடும் என்று. விழுவேன். எழுந்து மறுபடி விழுவேன். பக்கத்தில் ஆன்ட்டியின் பெண் அதே லட்ஸை, போன் பேசிக்கொண்டே படியேறுகிறவள் மாதிரிச் செய்துவிட்டுப் போவாள்.

அந்தப் பெண் நல்ல பெண். தமிழ் புரியும், பேச வராது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் விழுந்தால் வேகமாக வந்து ஓகேவா என்று கேட்பாள். அவள் விழுந்தால் நான் கேட்பதற்குள் எழுந்து போயிருப்பாள்.

ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் கணுக்காலில் ஐஸ் பேக் கட்டிக்கொண்டு உட்காருவேன். மதியத்துக்கு மேல் கண் சொருகும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாமல் போனது நல்ல எண்ணத்தோடு பேசுகிறவர்களைத்தான்.

அம்மா பேர்லேண்டிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பாள். உலகத்தில் எங்கேயாவது ஸ்கேட்டிங்கை விட்ட ஒருத்தி திரும்பி வந்து மெடல் வாங்கியிருப்பாள். அது உடனே எனக்கு வந்துவிடும். பிறகு போன்.

"கண்ணு, அனுப்ச்சனே, பாத்தியா? அந்தப் புள்ள வுட்டுப்போட்டுப் போயி, மறுக்கா வந்து செயிச்சிருக்குது."

"அம்மா, அவ விட்டுட்டுப் போறப்பவே சாம்பியன். எனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏன், உனக்குந்தான் ரெண்டு காலு இருக்குது."

"திரும்பி வர்றதுக்கு முதல்ல எங்கயாவது போயிருக்கணும்மா. நான் எங்கயும் போகல. வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

அம்மா, "கோயிலுக்குப் போனேன். உன்ற பேருக்கு அர்ச்சனை பண்ணிருக்குது," என்றாள்.

கணவனின் பிரச்சனை வேறு. அவனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவதே அவன் தொழில். முதல் சில மாதங்கள் அவன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து போட்டி வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"லட்ஸை எடுத்துடு. அது வராது. அதுல விழுந்தா விழுந்ததுக்கும் மார்க் போகும், அடுத்த ஜம்ப்புக்கு மூச்சும் போகும். உன்னால முடிஞ்சதை மட்டும் க்ளீனா பண்ணா, மத்தவங்க ரெண்டு பேர் சொதப்பினா, நீ உள்ள."

"மத்தவங்க சொதப்பணும்னு வேண்டிக்கிட்டு நான் போகணுமா?"

"வேண்டிக்கச் சொல்லல. அதான் நடக்கும்னு சொல்றேன். பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க சொதப்புவாங்க."

"ஐஸ்ல நின்னு பாத்திருக்கியா நீ? கம்பியை விட்டு ஒரு அடி நகர்ந்திருக்கியா?"

அவன் தோசையைத் திருப்பிப் போட்டான். "இல்ல," என்றான்.

அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் கோச்சிடம் போனேன். அவர் ப்ரோக்ராமைப் பார்த்துவிட்டு லட்ஸை எடுத்துவிடலாம் என்றார். அவன் சொன்ன அதே காரணங்கள். இதை நான் அவனிடம் சொல்லவேயில்லை. லட்ஸ் இல்லாமல் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன், அவன் புரிந்துகொண்டான்.

செக்ஷனல் போட்டி நவம்பரில், வேறு மாநிலத்தில். நாங்கள் இருவரும் காரில் போனோம். போட்டி இரண்டு நாள்: முதல் நாள் ஷார்ட் ப்ரோக்ராம், மறுநாள் நீளமான ஃப்ரீ ஸ்கேட். இரண்டையும் கூட்டித்தான் இடம். ட்ரெஸ்ஸிங் ரூமில் நான் நுழைந்தபோது ஒரு சின்னப் பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள், பஸ்ஸில் பெரியவர்களுக்கு விடுவதுபோல.

ஷார்ட் ப்ரோக்ராம் நன்றாகப் போனது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. முடிவில் தேர்வாகும் இடங்களில் கடைசி இடத்தில் என் பெயர் இருந்தது. ஆன்ட்டியின் பெண் எனக்கு இரண்டு இடம் மேலே. அன்று இரவு அம்மா போனில் அழுதாள். கணவன் கணக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவன் படும் பாடு முகத்தில் தெரிந்தது.

மறுநாள் ஐஸுக்குள் போகும்போது எனக்குப் பயம் இல்லை. இருபது வயதில் பயந்துகொண்டேதான் போவேன். இசை ஆரம்பித்தது. முதல் தாவல், அதோடு ஒட்டி இன்னொன்று, இறங்கினேன். அடுத்தது, இறங்கினேன். நடுவில் ஸ்பின்னில் இருக்கும்போது கைதட்டல் கேட்டது. எனக்கா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. பிற்பாதியில் தொடை எரிந்தது, மூச்சு தொண்டையில் நின்றது, ஆனாலும் கடைசித் தாவல்வரை எதையும் விடவில்லை. ஒரு இடத்திலும் விழவில்லை. முடித்து நின்றபோது ஸ்டாண்ட்ஸில் சிலர் எழுந்து நின்றிருந்தார்கள். என் கணவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். கோச் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

மார்க் வருவதற்காகக் கோச்சும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மார்க் வரவில்லை. வழக்கத்தைவிட நேரமானது. கோச்சின் கை என் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது. நேரமானால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்: டெக்னிக்கல் பேனல் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறது. தாவி மூன்று சுற்று முடிப்பதற்குள் பிளேடு ஐஸைத் தொட்டுவிட்டால், மிச்சச் சுற்றை ஐஸ் மேலேயே திருப்பி முடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் தாவலின் மதிப்பையே வெட்டிவிடுவார்கள்.

என் தாவல்களில் மூன்றை வெட்டியிருந்தார்கள்.

இன்னும் சிலர் ஆட வேண்டியிருந்தது. என் பெயர் ஒவ்வொரு இடமாக இறங்கியது. ஆன்ட்டியின் பெண் இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை சுவர்வரை வழுக்கிக்கொண்டே போனாள். ஆனால் அவள் லட்ஸை முழுதாகச் சுற்றியிருந்தாள், மற்றவற்றையும். விழுந்ததற்குக் கழித்த பிறகும் என்னைவிட மேலே இருந்தாள். கடைசிப் பெண் ஆடி முடித்ததும் நான் தேர்வாகும் இடத்துக்கு ஒரு இடம் கீழே இருந்தேன்.

ஒரு இடம். மறுபடியும்.

காரிடாரில் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் தேர்வான சந்தோஷத்தில் கண்ணெல்லாம் ஈரம். "நீங்கதாம்மா அழகா பண்ணீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல, எப்படித்தான் மார்க் போடறாங்களோ," என்று சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவை என் கையில் திணித்தார். லெமன் ரைஸ். அந்தப் பெண் பின்னால் நின்று, ஸாரி அக்கா என்றாள். உன்னுடையதுதான் க்ளீனாக இருந்தது, நான் கண்டபடி விழுந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஸாரி சொல்லாதே. நீ சுத்தினே, நான் சுத்தல," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்டியதுபோல் ஆகிவிட்டது. அப்படி இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

யாராவது ஒருவர் தப்பு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜட்ஜ் ஒருவருக்கு என்னைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஐஸில் பள்ளம் இருந்திருக்கலாம். நானே பயந்துபோய் விழுந்திருக்கலாம். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் காரில் உட்கார்ந்திருந்தேன். கணவன் ஓட்டினான். வழியில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் காபி வாங்க இறங்கினான், போனை ஸீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் எடுத்த வீடியோ அதில் இருந்தது. முதல் தாவலை மெதுவாக ஓட்டினேன். பிளேடு ஐஸைத் தொடும் இடத்தில் நிறுத்தினேன். கால் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். மூன்றையும் பார்த்தேன். பேனல் சொன்னது சரி. தாராளமாகவே பார்த்திருக்கிறார்கள், நான் பேனலில் இருந்திருந்தால் நான்காவதையும் வெட்டியிருப்பேன்.

அவன் இரண்டு காபியோடு வந்து உட்கார்ந்தான். என் கையில் போனைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எது?"

"ஜம்ப்ல சுத்து குறைஞ்சுதுன்னு. ஸ்டாண்ட்ஸ்ல இருந்து தெரிஞ்சுதா?"

அவன் காபி மூடியைத் திறந்து மறுபடி மூடினான். "ரெண்டு தெரிஞ்சுது. மூணாவது தெரியல."

"தெரிஞ்சுமா அப்படிக் கைதட்டினே?"

"தட்டாம எப்படி இருக்கறது? நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? ஐஸ் பக்கமே போகாதவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. இறங்கறப்ப எனக்கு முழுசா சுத்தின மாதிரிதான் இருந்துச்சு. எல்லா ஜம்ப்பும் முழுசுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அங்க உட்கார்ந்திருந்தேன்."

சொன்ன பிறகுதான் எது என்னைக் குடைகிறது என்று எனக்கே தெரிந்தது. தோற்றது இல்லை. தோற்பது எனக்குப் பழக்கம். என் உடம்பு எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயதில் கால் சுற்று குறைந்தால் இறங்கும்போதே முழங்காலில் தெரியும். இப்போது அது சொல்லவில்லை. சொல்லாமல், எல்லாம் சரி என்று ஐஸ் மேல் என்னைச் சிரிக்கவும் வைத்திருக்கிறது.

"சாப்பிடறியா?" என்று அவன் ஆன்ட்டி கொடுத்த டப்பாவைத் திறந்தான். நான் வேண்டாம் என்றேன். பிறகு பாதி தூரத்தில் பசித்தது. ஸ்பூன் இல்லாமல் கையாலேயே சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர், எப்படிப் போனது என்று கேட்டார். ஃபிஃப்த் மாதிரி, க்ளோஸ் என்றேன். வாவ், அமேஸிங் என்றார். அமெரிக்காவில் இது ஒரு வசதி, எதைச் சொன்னாலும் அமேஸிங்.

அம்மா ஒரு வாரம் ஃபார்வர்டு எதுவும் அனுப்பவில்லை. அதன் பிறகு அனுப்பினாள், ஸ்கேட்டிங் இல்லை, ஏதோ முழங்கால் வலிக்கு எண்ணெய்.

கோச் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கு உடம்பின் வேகத்தைக் கூட்ட வேண்டும், ஜிம்மில் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும், கால் சுற்று என்பது தொட முடியாத தூரம் இல்லை என்றார். முன்பு அவர் சான்ஸ் பற்றிச் சொன்ன அதே குரல்தான். "ஆனால் நீ இப்போதே முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன் நேரத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன்."

"கொடுத்துடுங்க," என்றேன்.

போனை வைத்தபின் வந்தது நிம்மதியா கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கணவனிடம் சொன்னேன். அவன் சரி என்றான். நிஜமாகவே சரிதானா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன்.

இப்போதும் வாரத்தில் சில நாள் ரிங்க்குக்குப் போகிறேன், பயிற்சி நேரத்தில் இல்லை, பொதுமக்கள் நேரத்தில். கூட்டத்துக்கு நடுவே தாவ முடியாது. ஓரமாகச் சுற்றி வருகிறேன். ஆன்ட்டியின் பெண் நேஷனல்ஸில் நடுவாந்திரமாக வந்தாள். டிவியில் பார்த்தேன். அவள் லட்ஸை எடுக்கப் பின்னோக்கி வளைந்தபோது என் இடது கால் சோபாவுக்கு அடியில் இறுகியது. அவள் இறங்கினாள். முழுச் சுற்று. ரிமோட்டை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன், ஏதாவது குறை இருக்கிறதா என்று. இல்லை. டிவியை அணைத்துவிட்டுக் குக்கர் வைக்கப் போனேன்.